பரணில் ஒளிந்திருந்த பயிற்சியாளர்

அன்புள்ள நண்பருக்கு,

கால்பந்துப் பயிற்சியாளர் பேலா குட்மனைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறவர். போர்ச்சுகலின் பென்ஃபிக்கா கிளப்புக்குக் குட்மன் விட்ட சாபத்தைப் பற்றி ஒரு பையன் எங்கோ கேள்விப்பட்டு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறான். நாஜிகளிடமிருந்து உயிர் தப்பிய ஒரு மனிதர் சம்பளத் தகராறுக்காக ஒரு கிளப்பையே சபிப்பாரா என்று உங்களுக்கு மனது கஷ்டப்பட்டிருக்கிறது. அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சாபத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1961, 1962 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் குட்மனின் பயிற்சியில் பென்ஃபிக்கா ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அவர் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். நிர்வாகம் மறுத்தது. கிளம்பிவிட்டார். இன்னும் நூறு ஆண்டுக்குப் பென்ஃபிக்கா ஐரோப்பாவில் ஜெயிக்காது என்று போகும்போது சொன்னாராம். அதற்குப் பிறகு 1963, 1965, 1968, 1983, 1988, 1990, 2013, 2014 என எட்டு ஐரோப்பிய இறுதிப்போட்டிகளில் அந்த கிளப் தோற்றது உண்மை. 1990 இறுதிப்போட்டி வியன்னாவில் நடந்தது. குட்மன் அடக்கம் செய்யப்பட்ட ஊர் அது. குட்மனிடம் ஆடிய யூசேபியோ அந்தக் கல்லறைக்கே போய் வேண்டிக்கொண்டார். மறுபடியும் தோல்விதான்.

கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் குட்மன் 1965-ல் திரும்பவும் பென்ஃபிக்காவுக்கே பயிற்சியாளராகப் போனார் என்பதை இந்தக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நூறு ஆண்டுக்குச் சபித்தவர் மூன்றாம் ஆண்டே அந்த வாசலுக்குப் போவாரா? அவரைக் கூப்பிடத்தான் அந்த நிர்வாகத்துக்கு மனம் வருமா? அப்படி ஒரு சாபத்தை அவர் விட்டார் என்பதை நான் நம்பவில்லை. தோல்விகள் சேரச் சேர, பின்னாலிருந்து கட்டப்பட்ட கதை என்றே நினைக்கிறேன். பையனிடமும் அப்படியே சொல்லுங்கள்.

என் வருத்தம் வேறு. உலகம் முழுக்கக் கால்பந்து பார்க்கிறவர்களில் நிறையப் பேருக்கு இந்த மனிதரைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம், அவர் சொல்லியிருக்கவே வாய்ப்பில்லாத ஒரு வாக்கியம். அவர் 1944-ல் எங்கே இருந்தார் என்பது சமீப காலம் வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. போர்க்காலத்தில் அவர் சுவிட்சர்லாந்தில் பத்திரமாக இருந்தார் என்றுகூடப் பல இடங்களில் எழுதிவந்தார்கள். டேவிட் போல்ச்சோவர் என்ற ஆய்வாளர் ஆவணங்களைத் தேடி, ஆட்களைத் தேடி 2017-ல் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிய பிறகுதான் அந்த ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது.

குட்மன் 1899-ல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஆப்ரஹாம், அம்மா எஸ்தர். இருவரும் நடன ஆசிரியர்கள். மகனும் பதினாறு வயதிலேயே நடனம் சொல்லித்தரும் தகுதி பெற்றான். கால் பந்தின் பக்கம் போனது. எம்.டி.கே. என்ற கிளப்பில் சென்டர் ஹாஃப் இடத்தில் ஆடினார். இங்கிலாந்துக்காரரான ஜிம்மி ஹோகன் அங்கே ஊன்றிவிட்டுப் போன ஆட்டமுறை, தரையோடு பந்தைக் கடத்தி, யோசித்து ஆடுகிற முறை, அவருக்குள் இறங்கியது. இரண்டு முறை லீக் பட்டம். அதற்குள் நாடு மாறிவிட்டது. முதல் உலகப்போரில் தோற்ற ஹங்கேரியில் ஹோர்த்தியின் ஆட்சி வந்தது. தெருக்களில் யூதர்கள் அடிபட்டார்கள். கல்லூரிகளில் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு 1920-லேயே சட்டம் போட்டு வரம்பு வைத்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் பதின்மூன்று ஆண்டு இருந்த காலம் அது. குட்மன் வியன்னாவுக்குப் போனார். அவருடைய முதல் புலம்பெயர்வு அது.

வியன்னாவில் அவர் சேர்ந்த கிளப் ஹகோவா. அதைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்திரியாவில் பல விளையாட்டுச் சங்கங்கள் யூதர்களைச் சேர்த்துக்கொள்ளாத நிலையில், அவர்கள் தங்களுக்கென்று 1909-ல் தொடங்கிக்கொண்ட சங்கம் அது. நீச்சல், மல்யுத்தம், ஹாக்கி எல்லாம் உண்டு. சட்டையில் தாவீதின் நட்சத்திரம். அந்தச் சட்டையோடுதான் அயலூர் மைதானங்களில் வசவுகளுக்கு நடுவே ஆடினார்கள். 1923-ல் லண்டனுக்குப் போய் வெஸ்ட் ஹாமை 5-0 என்று அடித்தார்கள். 1925-ல் ஆஸ்திரிய லீக் பட்டத்தை வென்றார்கள். பட்டத்தை முடிவுசெய்த ஆட்டத்தில் கோல்கீப்பர் ஃபாபியனுக்குக் கை முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அன்று கிடையாது. கையைத் தூளிக்கட்டில் போட்டுக்கொண்டு அவர் முன்களத்துக்குப் போனார், வேறொருவர் கோல் காத்தார். வெற்றி கோலை அடித்தது அந்தக் கை முறிந்த ஃபாபியன். இது பத்திரிகைகளில் பதிவான சம்பவம்.

அந்த அணி 1926-ல் அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போனது. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஒரே ஆட்டத்துக்கு 46,000 பேர் வந்தார்கள். யூதனைத் தெருவில் யாரும் அடிக்காத ஊரைப் பார்த்ததும் குட்மன் உட்படப் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். சம்பாதித்தார், பங்குகளில் போட்டார், 1929 சரிவில் பெரும்பகுதியை இழந்தார். 1932-ல் வியன்னாவுக்குத் திரும்பி, ஆட்டத்தை நிறுத்தி, ஹகோவாவுக்கே பயிற்சியாளரானார். இடையில் இரண்டு ஆண்டு ஹாலந்தில் என்ஸ்கெடே நகரில் வேலை. 1938 மார்ச்சில் ஜெர்மன் படைகள் வியன்னாவுக்குள் வந்தபோது அவர் மறுபடி ஹகோவாவில் இருந்தார். கிளப்பைக் கலைத்தார்கள். அந்தப் பருவத்தில் அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகளையே பதிவிலிருந்து அழித்தார்கள். அதன் முன்னாள் கேப்டன் மாக்ஸ் ஷாயர் உட்படப் பல ஆட்டக்காரர்கள் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

குட்மன் புடாபெஸ்டுக்கு ஓடிவந்தார். நகரின் வடக்கே தொழிற்சாலைகள் நிறைந்த ஊய்பெஷ்ட் பகுதியின் கிளப்பில் வேலை கிடைத்தது. டங்ஸ்ராம் பல்பு கம்பெனியை நடத்திய லிப்போட் ஆஷ்னர், அவரும் யூதர், அந்த கிளப்பின் தலைவர். முதல் பருவத்திலேயே குட்மன் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார். மத்திய ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் மித்ரோப்பா கோப்பையையும் 1939-ல் வென்றுகொடுத்தார். அதே ஆண்டு ஹங்கேரியின் இரண்டாவது யூத எதிர்ப்புச் சட்டம் வந்தது. அந்தப் பெரிய வெற்றிக்குப் பிறகு போர் முடியும்வரை அவர் பெயர் எந்தக் கோப்பையோடும் சேரவில்லை.

இனி 1944. மார்ச் 19-ல் ஜெர்மனி ஹங்கேரியை ஆக்கிரமித்தது. மே நடுவிலிருந்து ஜூலை 9 வரை, எட்டே வாரங்களில், சுமார் 4,37,000 யூதர்களை ரயில்களில் ஏற்றினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸுக்கு. அங்கே இறங்கிய அன்றே பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ஜெர்மானியர்கள் மட்டும் செய்ததில்லை இது. ஆட்களைப் பிடித்ததும், எண்ணியதும், வண்டியில் அடைத்ததும் ஹங்கேரியின் காவல்படையும் அரசு ஊழியர்களும். புடாபெஸ்டின் மையப்பகுதி யூதர்கள் அந்தக் கோடையில் ஓரளவு தப்பினார்கள். புறநகரான ஊய்பெஷ்ட் தப்பவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் அந்தப் பகுதியின் யூதர்களைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆஷ்னரை மவுத்ஹவுசன் முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் பிழைத்து வந்தார்.

அந்த நேரத்தில் குட்மன் அதே ஊய்பெஷ்டில்தான் இருந்தார். அவருடைய மனைவி மரியான் யூதர் இல்லை. மரியானின் சகோதரர் பால் அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கு மேலே இருந்த பரணில் குட்மன் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தார். கீழே வாடிக்கையாளர்கள் வந்து போகிற கடை. அவர் முகம் அந்த ஊருக்கே தெரிந்த முகம். ஐந்து ஆண்டுக்கு முன்பு கோப்பையோடு அந்தத் தெருக்களில் கொண்டாடப்பட்டவர். யாராவது ஒருவர் அடையாளம் கண்டு சொல்லியிருந்தால் அவர் மட்டுமல்ல, இடம் கொடுத்தவரும் போயிருப்பார். இதைப் படித்த நாளிலிருந்து நான் அதிகம் நினைப்பது அந்த முடிதிருத்துநரைத்தான். இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளுக்கும் பின்னால் அவர் இருக்கிறார். கால்பந்து வரலாறுகள் அவரைச் சொல்வதில்லை.

ஒளிந்திருந்ததோடு முடியவில்லை. பிறகு குட்மன் கட்டாய உழைப்பு முகாமில் அகப்பட்டார். ஹங்கேரி ராணுவத்தின் கீழ் யூத ஆண்களை வைத்துச் சாகும்வரை வேலை வாங்கிய அமைப்பு அது. அடியும் பசியும் அன்றாடம். அதே முகாமில் இன்னொரு பயிற்சியாளரும் இருந்தார், எர்னோ எர்ப்ஷ்டைன். இத்தாலியில் பெயர் வாங்கி, அங்கே 1938-ல் வந்த இனச் சட்டங்களால் துரத்தப்பட்டவர். அக்டோபரில் அம்புச்சிலுவைக் கட்சி என்ற ஹங்கேரிய நாஜிகள் ஆட்சியைப் பிடித்தபின், முகாமில் இருந்தவர்களை அங்கிருந்து அனுப்ப ஏற்பாடு நடந்தது. டிசம்பரில், அதற்குச் சற்று முன்பு, குட்மனும் எர்ப்ஷ்டைனும் இன்னும் சிலரும் ஜன்னல் வழியே குதித்து ஓடினார்கள். ஜனவரியில் சோவியத் படை பெஷ்ட் பகுதியைப் பிடிக்கும்வரை மறைந்திருந்து பிழைத்தார்கள். குட்மனின் அப்பா ஆப்ரஹாமும் சகோதரியும் பிழைக்கவில்லை. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் அவர்களும் உண்டு.

எர்ப்ஷ்டைனைப் பற்றி இரண்டு வரி. அவர் இத்தாலிக்குத் திரும்பி டொரீனோவை அந்தக் காலத்தின் மிகச் சிறந்த அணியாக்கினார். 1949 மே 4-ல் அந்த அணி வந்த விமானம் சூப்பர்கா மலையில் மோதியதில் அணியோடு இறந்தார்.

இத்தனையையும் குட்மன் தன் வாயால் சொன்னதில்லை. 1964-ல் அவர் வாழ்க்கையைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வந்தது. அதில் அந்த ஆண்டுகளை அவர் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார். உயிருக்குப் போராடிய அந்தக் காலத்தைப் பற்றி ஏற்கெனவே எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன, வாசகர்களை அதைச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். சிலர் இதை அடக்கிவைத்த காயம் என்று விளக்குவார்கள். நான் அந்த விளக்கத்துக்குள் போக விரும்பவில்லை. தனக்கு நடந்ததைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவருடைய உரிமை. கால்பந்துப் பயிற்சியாளர் என்றே அறியப்பட விரும்பினார், அப்படியே வாழ்ந்தார்.

ஆனால் அவர் செய்த ஒன்று எனக்குச் சொல்லை விடப் பெரிதாகத் தெரிகிறது. 1945-லேயே அவர் வேலைக்கு வந்துவிட்டார். முதலில் புடாபெஸ்டின் வஷாஷ் கிளப். அடுத்து ருமேனியாவின் புக்காரெஸ்டில் சியோக்கானுல். பஞ்சமும் பணவீக்கமும் நிலவிய அந்த நாட்களில் சம்பளத்தை உணவுப்பொருளாகத் தரச்சொல்லி வாங்கினார். அங்கிருந்து திரும்பி மறுபடி ஊய்பெஷ்ட் போனார். நண்பரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அவர் ஒளிந்திருந்த பரண் இருந்த பகுதி அது. அங்கிருந்த யூதர்களை வண்டியேற்றியபோது பார்த்துக்கொண்டிருந்தவர்கள், உதவியவர்கள், வாய் திறக்காதவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள்தான் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று அணியை நடத்தி 1947-ல் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார். நான் அறிந்த வரையில் அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய வெற்றி அதுதான். 1962-ல் ஆம்ஸ்டர்டாமில் வென்ற ஐரோப்பியக் கோப்பையை விடப் பெரிது. எங்கிருந்து அந்த மனத்திடம் வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். விடை கிடைத்ததில்லை.

அடுத்து கிஷ்பெஷ்ட் கிளப். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற புஷ்காஷ் அங்கே இளம் ஆட்டக்காரராக இருந்தார். ஒரு ஆட்டத்தில் மிஹாய் பாட்டி என்ற தற்காப்பு வீரர் முரட்டுத்தனமாக ஆட, இடைவேளைக்குப் பிறகு அவர் இறங்கவேண்டாம் என்றார் குட்மன். அன்று மாற்று ஆட்டக்காரர் இல்லை. பத்துப் பேரோடு ஆடுவது என்றாலும் சரி என்பது அவர் முடிவு. புஷ்காஷ் பாட்டியைக் களத்திலேயே நிற்கச்சொன்னார். பாட்டி ஆடினார். குட்மன் பெஞ்சை விட்டுப் போய்ப் பார்வையாளர்களோடு உட்கார்ந்துகொண்டார், ஆட்டம் முடிந்ததும் வேலையை விட்டார். நீங்களும் பயிற்சியாளர் என்பதால் இதைச் சொல்கிறேன். ஜெயிப்பதற்காக முரடனை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. இத்தாலி, அர்ஜென்டினா, சைப்ரஸ், மறுபடி இத்தாலி. ஏ.சி. மிலானில் 1955-ல் அணி லீக்கில் முதலிடத்தில் இருக்கும்போதே அவரை நீக்கினார்கள். முதலிடத்தில் இருக்கும்வரை நீக்கக்கூடாது என்று அதன்பின் ஒப்பந்தங்களில் எழுதி வாங்கினார். 1957-ல் பிரேசில் போய் சாவோ பாவ்லோ கிளப்புக்கு மாநிலப் பட்டம் வென்றுகொடுத்தார். அங்கே அவரோடு வேலை செய்த விசென்டே ஃபியோலா அடுத்த ஆண்டு பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித்தந்தார். 4-2-4 ஆட்டமுறையைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனவர் குட்மனே என்று சிலர் எழுதுவது மிகை. அந்த முறை அங்கே ஏற்கெனவே வேர்பிடித்திருந்தது, இவர் அதற்கு வேகம் கூட்டினார். 1959-ல் போர்ட்டோவுக்குப் போர்ச்சுகல் லீக் பட்டம். உடனே எதிரணியான பென்ஃபிக்காவுக்கு மாறி, மூத்த ஆட்டக்காரர்கள் சுமார் இருபது பேரை அனுப்பிவிட்டு இளைஞர்களை ஏற்றினார். அவர்களில் ஒருவர் மொசாம்பிக்கிலிருந்து வந்த யூசேபியோ.

இப்போது உங்கள் மனக்கஷ்டத்துக்கு வருகிறேன். காசு. ஆம், அவர் கறாராகக் கேட்டார். பேரம் பேசினார், கிடைக்காவிட்டால் கிளம்பினார். 1929-ல் நியூயார்க்கில் ஒரு முறை, 1938-ல் வியன்னாவில் ஒரு முறை, 1944-ல் சொந்த ஊரில் ஒரு முறை என எல்லாவற்றையும் இழந்த ஒருவர் அப்படித்தான் இருப்பார் என்று நான் எழுதலாம். எழுதினால் உங்கள் மனம் இளகும். ஆனால் அது சரியான பதில் ஆகாது. ஒரு கிளப்புக்கு ஐரோப்பாவின் மிகப்பெரிய கோப்பையை இரண்டு முறை வாங்கிக்கொடுத்த தொழிலாளி கூலி உயர்வு கேட்டார். அதற்கு ஆஷ்விட்ஸைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். துன்பப்பட்டவர்கள் சாந்தமாகவும், ஆசையற்றும், எல்லோரையும் மன்னித்தும் இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் நியாயமில்லை. குட்மன் கோபக்காரர், தன் மதிப்பு தெரிந்தவர், மூன்றாவது ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் பயிற்சியாளருக்கும் அணிக்கும் கேடு என்று நம்பியவர். 1944-க்கு முன்பும் அவர் அப்படித்தான் இருந்தார். அந்தக் குணத்தை அழிக்க முடியாமல் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

பிள்ளைகளுக்கு 1962 மே 2, ஆம்ஸ்டர்டாம் இறுதிப்போட்டியின் பதிவைக் காட்டுங்கள். எதிரே ரியல் மாட்ரிட். புஷ்காஷ் முதல் பாதியிலேயே மூன்று கோல் அடித்துவிட்டார். இடைவேளையில் பென்ஃபிக்கா 2-3 என்று பின்தங்கி இருந்தது. குட்மன் கத்தவில்லை. மாட்ரிட் ஆட்டக்காரர்கள் களைத்துவிட்டார்கள் என்று சொன்னார். தன் ஆட்டக்காரர் கவேமை மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவோடு ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அதனால் புஷ்காஷுக்குப் பந்து வருகிற வழியே அடைபட்டது. இரண்டாம் பாதியில் கொலூனா சமன் செய்தார், யூசேபியோ இரண்டு அடித்தார், ஒன்று பெனால்டி. 5-3. முடிந்ததும் புஷ்காஷ் தன் சட்டையைக் கழற்றி இருபது வயது யூசேபியோவிடம் கொடுத்தார். இடைவேளைக்கு முன்னும் பின்னும் டி ஸ்டெஃபானோ எத்தனை முறை பந்தைத் தொடுகிறார் என்று பிள்ளைகளை எண்ணச் சொன்னால் பயிற்சியாளரின் வேலை என்னவென்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

குட்மனைப் பற்றிச் சொல்லும் அன்றே ஆர்பாட் வைஸைப் பற்றியும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன ஹங்கேரி அணியில் இருவரும் இருந்தார்கள். வைஸும் யூதர், அவரும் பயிற்சியாளரானார். மிலானின் இன்டர் கிளப்புக்கு 1930-ல் பட்டம் வென்றுகொடுத்தார். மெயாட்சா என்ற பையனைப் பெரிய அணிக்கு ஏற்றியவர் அவர்தான். பொலோனியாவுக்கு 1936, 1937 என இரண்டு பட்டங்கள். குட்மனை விடத் திறமையில் ஒரு மாற்றுக் குறைந்தவர் அல்ல. 1938-ல் வந்த இனச் சட்டங்களால் இத்தாலியை விட்டு வெளியேற்றப்பட்டு, பாரிஸ் வழியாக ஹாலந்தின் டார்ட்ரெக்ட் ஊருக்குப் போய் அங்கே ஒரு சின்ன கிளப்பைத் தூக்கி நிறுத்தினார். 1942-ல் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவியும், பன்னிரண்டு வயது ராபர்ட்டோவும், எட்டு வயது கிளாராவும் அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். வைஸ் 1944 ஜனவரி 31-ல் அங்கேயே இறந்தார். அவருக்கு ஒரு பரண் கிடைக்கவில்லை.

மத்தேயோ மரானி என்ற இத்தாலியப் பத்திரிகையாளர் 2007-ல் புத்தகம் எழுதும்வரை இத்தாலியிலேயே வைஸைக் கிட்டத்தட்ட மறந்திருந்தார்கள். பொலோனியா மைதானத்திலும் மிலானின் சான் சிரோவிலும் இப்போது அவருக்கு நினைவுப் பலகைகள் இருக்கின்றன. அவரைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும், எழுதுவேன். அதற்குள் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.